விமானத்தில் பின் வரிசைக்காரர்களை முதலில் ஏற்றினால் கேட்டில் இவ்வளவு நேரம் ஆகாதே, ஏன் செய்வதில்லை?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் மெதுவான முறை. பின் வரிசைக்காரர்கள் மொத்தமாக ஏறினால் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று பெட்டியை மேலே ஏற்றுவார்கள், மற்றவர்கள் நடைபாதையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியலாளர் 2008இல் வேறு வழி சொன்னார்: முதலில் ஜன்னல் சீட், அதிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, பின்னாலிருந்து முன்னால். 2011இல் மாதிரி விமானத்தில் ஆட்களை வைத்துப் பார்த்தபோது அதுதான் வேகமாக இருந்தது, வரிசையே பார்க்காமல் ஏற்றியதுகூடப் பின்னாலிருந்து ஏற்றியதை முந்திவிட்டது.

அப்புறம் ஏன் செய்வதில்லை? குடும்பத்தைப் பிரித்து ஏற்ற முடியாது. அதோடு, 'முன்னுரிமை'யைக் காசுக்கு விற்கிறார்களே, அதை விடுவார்களா?