பூச்சிக்குளிசை போட்டா வயித்துப் பிள்ளைக்குக் கூடாதா?

கேள்வி: அக்கா, எனக்கு இப்ப அஞ்சாம் மாசம். போன கிழமை கிளினிக்ல பூச்சிக்குளிசை தந்தவை, இன்னும் போடேல்லை. போட்டா கரு கலைஞ்சிடும் எண்டு மாமி சொல்றா. மச்சாள் ஃபேஸ்புக்ல பாத்தவவாம், வயித்துல புழு இருந்தா எதிர்ப்பு சக்தி அடங்கிக் கிடக்குமாம், அது பிள்ளைக்கு நல்லதாம். நான் ஆரை நம்புறது?
பெயர் வேண்டாம், தம்பலகாமம்

பதில்: தங்கச்சி, அஞ்சாம் மாசம் எண்டா பயப்படாம போடுங்கோ. மாமி பயப்படுறதுலயும் ஒரு நியாயம் இருக்கு, முதல் மூண்டு மாசம் பிள்ளையின்ட உறுப்பெல்லாம் உருவாகிற காலம், அதுக்குள்ள போடக்கூடாது, அதாலதான் கிளினிக்ல அது கழிஞ்ச பிறகு தாறவை. நம்மட இலங்கையிலயே மெபெண்டசோல் எண்ட பூச்சிக்குளிசை போட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரைப் பாத்து 1999ல லான்செட் எண்ட மருத்துவ இதழ்ல எழுதியிருக்கினம், அவையிட்ட செத்துப்பிறக்கிறதும் பிறந்த உடன சாகிறதும் போடாத தாய்மாரை விடக் குறைவு.

மச்சாள் சொன்னது முழுப்பொய் இல்லை, அதாலதான் அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லோணும். வயித்துல இருக்கிற பிள்ளையில பாதி தகப்பன்ட, தாயின்ட உடம்புக்கு அது அந்நியம்தான். ஆனா உடம்பு அதை எதிர்க்காம இருக்க ரெகுலேட்டரி டி செல் எண்ட அணுக்களைக் கூட்டிக்கொள்ளுது, இதுகள்ட வேலை மற்ற எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கிறது. புழுவும் இதே வழியிலதான் பிழைக்குது, குடலுக்குள்ள வருசக்கணக்கா கிடக்கோணும் எண்டா உடம்பு தன்னை விரட்டக்கூடாதே, அதால இந்த அணுக்களையும் ஐஎல்-10 எண்ட அடக்குற பொருளையும் கூட்டிவிடுது. இதெல்லாம் புழு தான் உயிரோட இருக்கிறதுக்காகச் செய்யிற வேலை, உங்கட பிள்ளைக்காக இல்லை.

பொலிவியாவில சிமானே எண்ட பழங்குடிப் பெண்களைப் பாத்து 2015ல சயன்ஸ் எண்ட அறிவியல் இதழ்ல வந்த ஆய்வுதான் ஃபேஸ்புக்ல சுத்துது எண்டு நினைக்கிறன். உருண்டைப்புழு இருந்த பெண்களுக்குப் பிள்ளை கெதியா தங்கிச்சு, அது உண்மை. ஆனா அதே ஆய்வுல கொக்கிப்புழு இருந்தவைக்கு முதல் பிள்ளையும் பிந்தித்தான் கிடைச்சது, அடுத்த பிள்ளைக்கும் இடைவெளி கூட, இந்தப் பாதியை ஆரும் ஷேர் பண்றேல்லை! உகண்டாவில என்டெபெயில கர்ப்பிணிகளுக்கு அல்பெண்டசோல் எண்ட இன்னொரு பூச்சிக்குளிசை குடுத்துப் பாத்ததுல பிறந்த குழந்தையளுக்குத் தோல் கரப்பான் கொஞ்சம் கூடினதும் உண்மைதான், அதையும் நான் மறைக்கேல்லை. கரப்பானுக்கு மருந்து பூசலாம், ஆனா புழு ரத்தத்தைக் குடிச்சுப்போட்டு, பிரசவத்துல ரத்தம் போகேக்க தாயின்ட உடம்புல ரத்தம் இல்லாட்டி என்ன செய்யிறது?

உங்கட பக்கம் எல்லாம் வயல். வெறுங்காலோட ஈரமண்ணுல நிண்டா கொக்கிப்புழுக் குஞ்சு காற்தோலுக்குள்ளாலயே உள்ளுக்குப் போயிடும், விரலிடுக்குல வாற கடியைச் சேத்துக்கடி எண்டு விட்டிடுவம். பிறகு அது குடல்ல கொழுவிக்கொண்டு ரத்தம் குடிக்கும், ஒரு புழு ஒரு நாளைக்கு எடுக்கிறது சொட்டுக்கணக்குலதான், ஆனா நூறு புழு இருந்தா மாசக்கணக்குல எவ்வளவு எண்டு பாருங்கோ. கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில பாருங்கோ, உள்பக்கம் வெளிறிக் கிடந்தா ஹீமோகுளோபின் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, 11க்குக் கீழ எண்டா ரத்தசோகை. வயலுக்கோ கக்கூசுக்கோ போகேக்க செருப்புப் போடுங்கோ. இரும்புக்குளிசையை பிளேன்டீயோட மட்டும் போடாதேங்கோ, தேத்தண்ணி இரும்பை உடம்புல சேர விடாது.

கேள்வி: வீட்டுல பூனை வளக்கிறம், மகள் பிள்ளைத்தாச்சி. பூனையைக் குடுத்திடவோ?
ஒரு தாய், உப்புவெளி

பதில்: குடுக்கத் தேவையில்லை அம்மா. நீங்கள் பயப்படுறது டொக்ஸோபிளாஸ்மா எண்ட கிருமிக்கு. இது புழு மாதிரி இல்லை, இதை அடக்க எதிர்ப்பு சக்தி சண்டை பிடிச்சே ஆகோணும், கர்ப்பகாலத்துல அந்தச் சண்டை கொஞ்சம் தணிஞ்சிருக்கும், அதால முதல்தரமா அப்பதான் தொத்தினா பிள்ளையின்ட கண்ணையும் மூளையையும் தாக்கலாம். முந்தியே வந்து போனவைக்குப் பெரும்பாலும் பயமில்லை. பூனைப்பீயில இருக்கிற கிருமி தொத்துற நிலைக்கு வர ஒரு நாளாவது வேணும், அதால தினமும் அள்ளிக் கொட்டுங்கோ, ஆனா அதை நீங்கள் செய்யுங்கோ, மகள் செய்ய வேண்டாம். இறைச்சி நல்லா வெந்திருக்கோணும், கீரை மரக்கறி எல்லாம் வடிவா கழுவோணும், மண் கிண்டினா கை கழுவாம சாப்பிட விடாதேங்கோ.