ஒரே சர்வரில் மூன்று கணினிகள்

கேள்வி: அல்சூரில் ஒன்பது பேர் பணிபுரியும் தணிக்கை அலுவலகம் எங்களுடையது. டாலிக்கு ஒரு விண்டோஸ் சர்வர், கோப்புகளுக்கு ஒரு லினக்ஸ் கணினி, பழைய மென்பொருள் ஒன்றுக்காகவே வைத்திருக்கும் விண்டோஸ் 7 கணினி ஆகிய மூன்றும் பழசாகிவிட்டன. இவற்றை மெய்நிகர்க் கணினிகளாக்கி, அதாவது மென்பொருளால் உருவாகும் தனித்தனிக் கணினிகளாக்கி, ஒரே சர்வரில் வைக்க உதவும் மென்பொருள்களான விஎம்வேர், ஹைப்பர்-வி, பிராக்ஸ்மாக்ஸ் ஆகியவற்றில் எது ஏற்றது?
– வாசகர், பெங்களூரு

பதில்: பிராக்ஸ்மாக்ஸ் என்பதே என் பரிந்துரை. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியபின் நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்று, சந்தா முறை வந்துவிட்டது. ஒன்பது பேர் அலுவலகத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை. விண்டோஸ் மட்டுமே அறிந்தவர் உங்கள் கணினிகளைப் பராமரிக்கிறார் என்றால் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி நல்ல தேர்வுதான். ஆனால் லினக்ஸ் கணினி ஒன்றை ஏற்கெனவே நடத்திவருகிறீர்கள் என்பதால், டெபியன் என்ற லினக்ஸ் வகையின்மேல், லினக்ஸிலேயே உள்ள மெய்நிகராக்க வசதியான கேவிஎம் கொண்டு இயங்கும் பிராக்ஸ்மாக்ஸ் உங்களுக்கு அந்நியமாக இராது. அதை இலவசமாகவே பயன்படுத்தலாம். ஆயினும் உள்ளே ஓடும் விண்டோஸுக்கு உரிய உரிமம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

32 ஜிபி நினைவகம் போதும். விண்டோஸ் சர்வருக்கு 12, மற்ற இரண்டுக்கும் தலா 4 ஒதுக்கினாலும், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளில் எழுதிவைப்பதற்கு மீதி உதவும். விண்டோஸ் 7-க்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டதால், அதற்கு இணைய இணைப்பே கொடுக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இதுவரை ஒரு கணினி பழுதானால் ஒரு வேலை நின்றது. இனி ஒரு மதர்போர்டு போனால் மூன்றும் நின்றுவிடும். மெய்நிகர்க் கணினியின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். அது அதே டிஸ்க்கில் இருப்பதால் டிஸ்க்கோடு அதுவும் போய்விடும். பிராக்ஸ்மாக்ஸிலேயே உள்ள பேக்கப் வசதியை இரவுதோறும் தனியான ஒரு சேமிப்புப் பெட்டிக்கு எழுதும்படி அமைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது அதிலிருந்து ஒரு கணினியை மீட்டெடுத்து, டாலி திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மின்வெட்டு நீளும்போது மெய்நிகர்க் கணினிகள் முறையாக அணையும்படி, யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் சர்வருடன் இணைப்பதும் அவசியம்.

எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளில் பழைய சர்வர் மலிவாகக் கிடைக்கலாம். இந்த வேலைக்கு உத்தரவாதம் உள்ள புதியதையே வாங்குங்கள். வரித் தணிக்கை அறிக்கைகள் குவியும் செப்டம்பரில் மாற்றத்தைத் தொடங்காதீர்கள். மாற்றிய பிறகும் பழைய கணினிகளை ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள்.