அக்காவின் வளவுக்குள் போகிற குழாய்

கேள்வி: சீதனமாகக் கிடைத்த வீட்டை விற்றுவிட்டு, மகளின் படிப்புக்காகக் கொழும்புக்குப் போகிறோம். பக்கத்து வீடு அக்காவுடையது. இரண்டு வீட்டு மலசலகூடமும் அக்காவின் பக்கமுள்ள ஒரே குழியில்தான் விழுகிறது என்று அம்மா சொன்ன ஞாபகம். காணி உறுதிப் பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. வாங்குபவரிடம் சொல்லாதீர்கள் என்கிறார் புரோக்கர். என்ன செய்வது? (வாசகி, கல்லடி, மட்டக்களப்பு)

பதில்: சகோதரி, புரோக்கர் சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள். விற்பனை முடிந்தால் அவர் தரகை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பிறகு குழி நிரம்பும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வெளியில் தெரியாத குறையைத் தெரிந்தே மறைத்து விற்றால் வாங்கியவர் வழக்குப் போட்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம், விற்பனையையே நீக்கக்கூடக் கேட்கலாம். அதைவிட, ஊரிலேயே இருக்கப்போகிற அக்காவின் முற்றத்தில் யாரோ ஒருவருடைய கழிவு போய் விழும், அந்தச் சண்டையை அவர் தனியாகச் சுமக்க வேண்டும்.

எங்கள் பக்கம் தாய் வளவைப் பிரித்துப் பெண்பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம், ஒரு கிணறு, ஒரு குழி என்று எல்லாம் பொதுவாகவே கிடக்கும். சொந்தத்துக்குள் இருக்கும்வரை அது பிரச்சினையே இல்லை.

சரி, ஞாபகத்தை நம்பாமல் குழாய் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். பெரிய செலவில்லை. மேசன் ஒருவரைக் கூப்பிட்டு அக்காவின் குழி மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு, உங்கள் மலசலகூடத்தில் உடுப்புக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஊற்றி, மேலும் நாலைந்து வாளி ஊற்றுங்கள். நீலம் அங்கே வந்தால் விஷயம் தெளிவு. வராவிட்டால் அடைப்பாகவும் இருக்கலாம், உங்கள் வளவுக்குள்ளேயே பழைய குழி ஒன்று புதைந்தும் இருக்கலாம், அதனால் குழாயை வீட்டிலிருந்து தொடங்கித் தோண்டிப் பார்க்க வேண்டும். குளியலறை, குசினித் தண்ணீரையும் தனித்தனியாகப் பாருங்கள், அவை வேறு பக்கம் போகலாம். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மூடி திறந்திருக்கும்போது யாரும் உள்ளே இறங்கவும் கூடாது, பக்கத்தில் பீடி, தீக்குச்சி பற்றவைக்கவும் கூடாது. அந்த வாயு ஆளைக் கொல்லும்.

குழாய் அக்காவின் பக்கம்தான் போகிறது என்றால், என் விருப்பம் உங்கள் வளவிலேயே தனிக் குழி கட்டிப் பிரிந்துகொள்வதுதான். ஆனால் கல்லடி மணல்தரை, ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குழித் தண்ணீர் மணலில் இறங்கி உங்கள் கிணற்றுக்கோ அயலவர் கிணற்றுக்கோ போய்விடக்கூடாது. எனவே இடத்தை முடிவுசெய்யுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், மாநகர சபையிலும் கேளுங்கள். மழை தொடங்குவதற்கு முன்னரே வேலையை முடிப்பது நல்லது.

இடம் போதாவிட்டால், அந்தக் குழாய்க்கான உரிமையை எழுத்தில் வாங்கியே ஆகவேண்டும். ‘இத்தனை வருடமாகப் போகிறதே, 10 வருடம் தாண்டினால் உரிமை வந்துவிடுமே’ என்று யாராவது சொல்வார்கள். அக்காவின் சம்மதத்தோடு பாவித்ததை அப்படி லேசாக உரிமையாக்க முடியாது, அதற்கு மாவட்ட நீதிமன்றம் வரை போகவேண்டி வரும். சும்மா ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாலும் போதாது. காணியைக் கட்டுப்படுத்துகிற உரிமை, உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னிலையில், 2 சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நில அளவையாளரைக் கொண்டு குழாய் போகும் பாதையை வரைபடத்தில் குறித்து, உறுதியோடு காணிப் பதிவகத்தில் பதியுங்கள். திருத்த வேலைக்கு வளவுக்குள் போகலாமா, குழி நிரம்பினால் அதை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டிக்கான காசை யார் எவ்வளவு கொடுப்பது, பின்னாளில் தனிக் குழி கட்டினால் இந்த உரிமை முடியுமா என்பதெல்லாம் அதில் வரவேண்டும்.

அக்கா தன் வீட்டைச் சீவிய உரித்து (சாகும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்துக்கொண்டு தன் மகளுக்கு எழுதிவிட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். அப்படியென்றால் மகளும் ஒப்பமிட வேண்டும். காணி வங்கியில் ஈடாக இருந்தால் வங்கிக்கும் சொல்ல வேண்டும். அக்கா மறுத்தால் அவரோடு கோபிக்காதீர்கள், மறுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அப்போது இருக்கிற இடத்துக்குள் எந்த மாதிரிக் குழி பொருந்தும் என்று பரிசோதகரிடமே கேளுங்கள்.

இது எதுவும் முடியுமுன் அச்சாரம் வாங்காதீர்கள். வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லி வரைபடத்தையும் காட்டுங்கள், விற்பனை உறுதியிலும் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். தனிக் குழி கட்டினால், பழைய குழாயை இரண்டு பக்கமும் சீமெந்து போட்டு அடைத்து, அக்காவையும் அத்தானையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு மண் போட்டு மூடுங்கள்.