தலைச்சன் பிரசவத்தில் வலி எடுத்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 38 வாரம், தலைச்சன், அம்மா வீட்டில் இருக்கிறீர்கள். வலி எடுத்தால் தானாகத் தெரியுமா? பொய் வலிக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தால் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்களே?

எனக்கு உறுத்துவது இரண்டாவது கேள்விதான். ஒரு தடவை போய்த் திரும்பிய பெண், அடுத்த தடவை உண்மை வலி வரும்போது "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் பாதி வழியில் பெற்றெடுப்பது லேபர் வார்டில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தலைச்சனுக்கு ஓரிரு தடவை திரும்பி வருவது சர்வ சாதாரணம். "அதுக்குள்ள ஏம்மா வந்த?" என்று எரிந்து விழுகிற ஆள் எங்கேயாவது இருந்தால், தவறு அந்த ஆள் மேல், உங்கள் மேல் இல்லை.

இனி விஷயத்துக்கு. வலி எவ்வளவு கடுமை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பொய் வலியிலேயே சுருண்டு படுத்துவிடுகிற பெண்களும் உண்டு. கர்ப்பவாய் நாலு செ.மீ. திறந்த பிறகும் இட்லி சாப்பிட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிற பெண்களும் உண்டு. ஒழுங்காக வருகிறதா, வரவர நெருங்குகிறதா, ஒவ்வொன்றும் நீள்கிறதா, என்ன செய்தாலும் நிற்காமல் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? மல்லாந்து படுக்காமல் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து, தொப்புளுக்கு மேலே உள்ளங்கையைத் தட்டையாக வையுங்கள். விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள். வலி இல்லாத நேரத்தில் வயிறு உள்வாங்கும். கர்ப்பப்பை சுருங்கும்போது மொத்த வயிறும் இறுகும். லேசான சுருக்கம் மூக்கு நுனியைத் தொடுவது போல இருக்கும், நடுத்தரமானது மோவாய் போல, பிரசவத்தைக் கொண்டுசெல்கிற பலமான சுருக்கம் நெற்றி போல. விரல் அமுங்கவே அமுங்காது. வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் கெட்டியானால் அது பெரும்பாலும் குழந்தையின் முதுகோ புட்டமோதான். வயிறு இறுகாமல் அடிவயிறு மட்டும் குத்தினால், நீர்க்கடுப்பு, வாயு, பேதி என்று வேறு காரணம் இருக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: குழந்தை உங்கள் முதுகுப் பக்கம் முதுகை வைத்திருந்தால் வலி முழுக்க இடுப்பிலேயே தெரியும், முன்னால் ஒன்றும் தெரியாது. "இடுப்புதான் வலிக்குது, வயிறு வலிக்கலையே" என்று அலட்சியமாக இருந்துவிடுவது இவர்கள்தான். இடுப்பு விட்டு விட்டு வலித்தாலும் கையை வயிற்றில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது கடிகாரம். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரைதான் இடைவெளி. முடிந்த நேரத்திலிருந்து எண்ணிவிட்டு மூன்று நிமிடம், நாலு நிமிடம் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், கணக்கே மாறிவிடும். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: தொடங்கிய நேரம், எத்தனை விநாடி நீடித்தது. 10.05, 10.12, 10.40, 10.46, 11.30 என்று தாறுமாறாக வந்து, நீளமும் 20, 50, 15 என்று இருந்தால் அது பொய் வலி. 1.10, 1.19, 1.27, 1.34, 1.40, 1.46 என்று நெருங்கிக்கொண்டே வந்து, நீளமும் 35, 40, 45, 50 என்று ஏறினால் தொடங்கிவிட்டது. தலைச்சனுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு: 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம் தொடர்ந்தால் கிளம்ப வேண்டும். இது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவர்களுக்கான கணக்கு. ஒரு மணி நேரப் பயணம் என்றால் எட்டு நிமிடத்துக்கு ஒன்று வரும்போதே வண்டி ஏறிவிடுங்கள். மழைக்காலம், மலைப்பாதை, ராத்திரி என்றால் இன்னும் முன்னாலேயே.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து, இடதுபக்கம் ஒருக்களித்து ஒரு மணி நேரம் படுங்கள். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், மூத்திரப்பை நிறைந்திருந்தாலும், நாள் முழுக்க நின்று வேலை செய்திருந்தாலும் கர்ப்பப்பை எரிச்சல்பட்டுச் சுருங்கும். அது இதில் அடங்கிவிடும். உண்மை வலி அடங்காது. படுத்தாலும் வரும், நடந்தாலும் வரும். நம் வீடுகளில் சூட்டு வலியா பிரசவ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். நிறைமாதத்தில், நீர் உடையாமல், ரத்தம் படாமல் இருக்கும்போது ஒரு டம்ளர் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 37 வாரம் முடியாதவர்கள் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நேராகக் கிளம்ப வேண்டும். 34 வாரத்துக்கு முன் என்றால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுதாக வேலை செய்ய ஒரு நாள் ஆகும். வீட்டில் கழிகிற ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஒரு நாளிலிருந்துதான் போகிறது. வலி வரவழைக்க விளக்கெண்ணெய் கொடுப்பது மட்டும் எந்த வாரத்திலும் வேண்டாம். பேதியாகி, நாக்கு வறண்டு, பிரசவத்துக்குத் தேவையான தெம்பே போய்விடும்.

சளிபோல் வெளியேறுவதைப் பற்றிப் பலர் பதறுகிறார்கள். கர்ப்பவாயை அடைத்திருக்கும் கெட்டியான சளி, இளஞ்சிவப்போ பழுப்போ கலந்து, ஓரிரு தேக்கரண்டி அளவு வெளியேறும். சிலருக்கு அன்றைக்கே வலி எடுக்கும், சிலருக்கு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகும். அது மட்டும் வந்தால் ஓட வேண்டியதில்லை. உள் பரிசோதனை செய்த மறுநாள் லேசாகக் கறை படுவதும் அப்படியே. ஆனால் சளி கலக்காத சிவந்த ரத்தம், மாதவிலக்கு போல வழிந்தால் கதை வேறு. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் கீழ்ப்பக்கம் இருந்தாலோ, முன்கூட்டியே பிரிந்தாலோ இப்படி வரும். அங்கே மணி பார்க்கிற பேச்சே இல்லை, 108-ஐக் கூப்பிடுங்கள்.

பனிக்குடம் உடைவது எல்லாருக்கும் குபுகுபுவென்று கொட்டாது. மேலே ஓட்டை விழுந்தால் சொட்டுச் சொட்டாகக் கசியும். சிறுநீர் என்று நினைத்து இரண்டு நாள் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. முதலில் சிறுநீரைக் கழித்துவிட்டு, காய்ந்த வெள்ளை நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுங்கள். பிறகு எழுந்து நின்று இருமுங்கள். பனிக்குட நீர் என்றால் எழும்போது சளக்கென்று வரும், அடக்க முடியாது, மூத்திர வாடை இருக்காது, நிறமற்றோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருக்கும். அந்த நாப்கினைத் தூக்கி எறியாமல் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. நீர் உடைந்தது உறுதியானால் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நிறைமாதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வலிக்கு முன்பே உடைகிறது. பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் வலி எடுத்துவிடும். ஆனால் நேரம் ஆக ஆகக் கிருமி மேலேறும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் உடைந்த நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்வது. பச்சையாகவோ கரும்பழுப்பாகவோ வந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம்; தாமதிக்கக் கூடாது. நீர் உடைந்தவுடன் பிறப்புறுப்பில் கயிறுபோல எதுவும் தட்டுப்பட்டால் அது தொப்புள்கொடி. அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ வேண்டாம். முழங்காலும் மார்பும் தரையில் படும்படி, புட்டத்தை உயர்த்திக் குனிந்திருங்கள். வண்டியில் இடதுபக்கம் சாய்ந்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்ளுங்கள். அரிதுதான். ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, கால் கீழே இருந்தாலோ, தலை இன்னும் இறங்காமல் இருந்தாலோ இதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால் சொல்கிறேன்.

"பிரசவம் நெருங்கினால் குழந்தை அசையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடம் குறைவதால் அசைவின் தன்மை மாறும், உருள்வது போலத் தெரியும். எண்ணிக்கை குறையக் கூடாது. சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியவில்லை என்றால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய் இதயத்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் மங்கலோடு தலைவலி, மேல்வயிற்று வலி, முகம் திடீரென்று வீங்குவது, காய்ச்சல், விட்டு விட்டு வராமல் பலகை போல இறுகியே இருக்கிற வயிறு, இவற்றுக்கும் அதே பதில்தான். பிபி, இரட்டைக் குழந்தை, குழந்தை தலைகீழாகத் திரும்பாதது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால் மேலே சொன்ன ஐந்து நிமிடக் கணக்கு உங்களுக்கு இல்லை; வலி தொடங்கியதுமே போங்கள்.

"எங்க காலத்துல கணக்குப் பார்த்தா பெத்தோம், வீட்டுலயே பெத்துப் போட்டோம்" என்று எழுத வருபவர்களுக்கு: பெற்றார்கள், உண்மை. பெற முடியாமல் செத்தவர்களும் அதே வீடுகளில்தான் செத்தார்கள். அவர்கள் வந்து எழுத மாட்டார்கள். "இவ்வளவும் சொல்லிப் பயமுறுத்தாதீங்க" என்பவர்களுக்கு: தெரியாமல் இருப்பதுதான் பயம்.

தலைச்சனுக்கு ஆரம்பக் கட்டம் நீளும். கர்ப்பவாய் மெலிந்து, 5 செ.மீ. திறக்கும் வரை எவ்வளவு நேரம் என்று வரையறையே கிடையாது. ராத்திரி முழுக்க இழுக்கலாம், மறுநாளும் போகலாம். 5 செ.மீ.க்குப் பிறகுதான் தீவிரக் கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வகுத்தது. தலைச்சனுக்கு அந்தக் கட்டம் வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டாது. ஆரம்பக் கட்டத்தில் செய்ய வேண்டியது தூங்குவதும், கஞ்சி, மோர், இட்லி என்று லேசாகச் சாப்பிடுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிப்பதும், வெந்நீரில் குளிப்பதும்தான். முதல் வலியிலிருந்தே மாடிப்படி ஏறி இறங்கி, முக்கி, களைத்துப்போனால் முக்க வேண்டிய நேரத்தில் சக்தி இருக்காது.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. கர்ப்பவாய் ஒரு விரல் அளவே திறந்த நிலையில் சேர்த்துவிட்டு, ஆறு மணி நேரத்தில் "இன்னுமா பிறக்கல? பேசாம ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று கூடத்தில் நின்று சத்தம் போடுவது குடும்பத்தார்தான். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் 63.8. சிசேரியனே தப்பு என்று நான் சொல்லவில்லை, அது தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிற அறுவைச் சிகிச்சை. ஜோசியர் குறித்துக்கொடுத்த முகூர்த்தத்துக்காக 37, 38 வாரத்திலேயே கத்தி வைப்பதைத்தான் சொல்கிறேன். 39 வாரத்துக்கு முன் வலியே எடுக்காமல் அறுத்து எடுத்த பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம் வருகிறது. இன்குபேட்டரில் கிடக்கும் பிள்ளைக்கு நல்ல நட்சத்திரம் இருந்து என்ன?

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அம்மா வீட்டுக்கு வந்திருப்பதால் செக்கப் பார்த்த இடம் ஒன்று, பிரசவம் பார்க்கப்போகிற இடம் இன்னொன்றாக இருக்கும். தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம், ரத்த வகை, ஆதார், பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கொடுத்த எண்) எழுதிய தாள் ஆகியவற்றை இன்றைக்கே ஒரே ஃபைலில் போட்டு வாசல் பக்கம் வையுங்கள். பழைய மெல்லிய பருத்திப் புடவை இரண்டு துவைத்து வையுங்கள். மலம் வருவது போல அடக்க முடியாத முக்கல் வந்தால் கழிப்பறைக்குப் போகாதீர்கள். அது குழந்தையின் தலை கீழே அழுத்துவது. படுத்துக்கொண்டு, முக்காமல் வாயால் குட்டி குட்டியாக மூச்சு விட்டபடி 108-க்குச் சொல்லுங்கள். அந்த வண்டியில் வருபவர்களுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி உண்டு.

போய்ச் சேர்ந்ததும் சிஸ்டரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வலி எப்போது தொடங்கியது, 10 நிமிடத்தில் எத்தனை வருகிறது, நீர் உடைந்ததா, உடைந்தால் எத்தனை மணிக்கு, என்ன நிறம், குழந்தை கடைசியாக எப்போது அசைந்தது என்பதைச் சொல்லி அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். திருப்பி அனுப்பினால் எத்தனை செ.மீ. திறந்திருக்கிறது, தலை இறங்கியிருக்கிறதா, பனிக்குடம் அப்படியே இருக்கிறதா, குழந்தையின் துடிப்பு எவ்வளவு என்று கேளுங்கள்; நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை இருக்க வேண்டும். எந்த அறிகுறிக்குத் திரும்பி வர வேண்டும் என்பதையும் கேட்டு, அதே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.