ஸ்கோர் டேபிள் பதில்கள்: தீபாவளி வரைக்கும் பொறுக்க மாட்டீர்களா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சமாச்சாரம்: நம்ம சேலத்துக் கல்லூரி பாஸ்கெட்பால் அணி. சீசன் தொடங்கி மூன்று ஆட்டம்தான் ஆகியிருக்கிறது. ஒன்று ஜெயம், இரண்டு தோல்வி. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் போன மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவர்கள். மூன்று ஆட்டத்தையும் நேரில் பார்த்தேன். தபால் ஆபீஸ் வேலை முடிந்ததும் மைதானத்துக்கு ஓடி, 26 வருடம் ஸ்கோர் ஷீட் எழுதிய கை இது. இப்போது யாரும் கேட்காவிட்டாலும் ஒரு நோட்டில் தானாகக் குறித்துக்கொண்டிருக்கிறது. பையன்களின் பெயர் வேண்டாம், பனியன் நம்பர் போதும்.

*இரண்டு தோல்வியிலும் மூன்றாவது குவார்ட்டர் வரை நாம்தான் முன்னால். கடைசிப் பத்து நிமிடத்தில் கோட்டை விட்டார்கள். இந்த வருடம் அவ்வளவுதானா?*
– அம்மாப்பேட்டை வாசகர்

அவ்வளவுதான் என்றால் நான் ஏன் சனிக்கிழமை தவறாமல் சைக்கிளை மிதிக்கிறேன்?

நீங்கள் சொன்ன இடம் சரி. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை பந்து வெளியே போய் ஆட்டம் நிற்கும்போது 11-ஆம் நம்பரைப் பாருங்கள், நம் உயரமான பையன். முதல் பாதியில் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நிற்பான். கடைசி குவார்ட்டரில் ஷார்ட்ஸின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, தரையைப் பார்த்து மூச்சு வாங்குவான். அது தெரிந்துவிட்டால் எதிரணி கோச் அடுத்த பந்தை அவன் பக்கம்தான் அனுப்புவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கால் ஓயும்போது கை நீளும். நகர்ந்து மறிக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டி இழுத்துவிடுகிறார்கள், ஃபவுல். ஒரு குவார்ட்டரில் அணிக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டால், ஐந்தாவதில் இருந்து தடுப்பவன் செய்கிற ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் நின்று கூடைக்கு எறிவது. போன ஆட்டத்தில் கடைசி குவார்ட்டரின் நாலாவது நிமிடத்திலேயே நாலு ஃபவுலும் தீர்ந்துவிட்டது. மீதி ஆறு நிமிடம் அவர்கள் நடந்து போய் நின்று புள்ளி எடுத்தார்கள்.

எதிரில் இருந்தவர்கள் மூன்றாமாண்டுக்காரர்கள், இருபது இருபத்தொரு வயது உடம்பு. பதினெட்டு வயதுப் பையன் அவர்கள் மேல் முப்பது நிமிடம் மோதினால் தேய்ந்துதான் போவான். இதற்கு இந்த வருடமே செய்யக்கூடிய வைத்தியம் ஒன்று உண்டு. பந்து கையில் வந்தால் எறிவதற்கு 24 விநாடி கொடுக்கிறார்கள். நம் பையன்கள் எட்டாவது, ஒன்பதாவது விநாடியிலேயே எறிந்துவிட்டுத் திரும்ப ஓடுகிறார்கள். முன்னிலையில் இருக்கும்போது என்ன அவசரம்? இருபது விநாடி பந்தைக் கை மாற்றினால் ஓட வேண்டியது எதிரணிதான், நமக்கு மூச்சு மிச்சம். பி.டி. சாரிடம் சொன்னேன். "சார், சொல்லாமலா இருக்கேன்?" என்றார். சரி, அதுவும் நியாயம்தான்.

*7-ஆம் நம்பர் பந்தை யாருக்கும் கொடுப்பதே இல்லை. சுயநலக்காரன். அவனை உட்கார வைத்தால் என்ன?*
– ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

தம்பி, அவனுக்குக் கொடுக்க மனசு இருக்கிறது, ஆள் கண்ணில் படவில்லை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும்போது பார்வை பந்து மேலேயே இருக்கிறது. தலை நிமிரும்போது கூடைக்கு அடியில் ஆளில்லாமல் நின்ற பையனை எதிரணி மூடியிருக்கும். அப்புறம் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பான். பார்க்கிறவர்களுக்கு அது சுயநலம். பந்தை முன்னால் கொண்டு போகிறவனைப் பாயிண்ட் கார்டு என்பார்கள்; முதலாமாண்டுப் பையனுக்கு விதிப்படி எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டுவதே பெரும்பாடு.

இவனை நான் விட்டுக்கொடுக்காததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று ஆட்டத்தில் இவன் பந்தைத் தொலைத்ததெல்லாம் என் நோட்டில் இருக்கிறது, எண்ணிக்கை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் தொலைத்த ஒவ்வொரு தடவையும் முதலில் திரும்பி ஓடித் தடுக்கப் போனவன் அவன்தான். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதில்லை, நடுவரிடம் கையை விரித்ததில்லை. பார்வையைக் கோச் நிமிர்த்திவிடுவார். இந்த ஓட்டத்தைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

*எதிரணிகளில் பனைமரம் பனைமரமாக நிற்கிறார்கள். நம்மில் உயரமானவனே ஆறடி ஒரு அங்குலம். கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, அந்த ரீபவுண்டை, எப்படி எடுப்பது?*
– அஸ்தம்பட்டி வாசகர்

முதுகால். பந்து ரிங்கில் பட்டதும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பந்தை அல்ல, பக்கத்தில் நிற்கும் பனைமரத்தை. அவனை முதுகால் தள்ளி வைத்துவிட்டு அப்புறம் குதிக்க வேண்டும். மூலையிலிருந்து எறிந்து தவறின பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் விழும், அங்கே போய் முன்கூட்டியே இடம் பிடிக்கலாம். 14-ஆம் நம்பர், ஐந்தடி பத்து அங்குலம் இருப்பான், இதைச் செய்கிறான். கைதட்டல் அவனுக்கு வருவதில்லை.

*எங்கள் ஊர்ப் பையன் நன்றாக ஆடுவான், மலை ஏறி இறங்கின கால். பெஞ்சிலேயே உட்கார வைத்திருக்கிறார்களே?*
– ஏற்காடு வாசகி

அம்மா, மலை ஏறும் கால் முன்னால் போகும் கால். பாஸ்கெட்பாலில் பக்கவாட்டில் நகர வேண்டும், அது வேறு வித்தை. ஆனால் அவன் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் கால் இல்லை, பஸ். பயிற்சியின் கடைசி அரை மணியில்தான் யார் எங்கே நிற்பது, யாருக்கு மறைப்புக் கொடுப்பது என்று கோச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் பையன் பையைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு பஸ்ஸுக்கு ஓடுகிறான். மற்றவர்கள் ஆட்டம் கற்கும்போது அவன் இருபது கொண்டை ஊசி வளைவில் எங்கேயோ இருக்கிறான். கோரிமேட்டுப் பக்கம் உறவுக்காரர் இருந்தால் சீசன் முடிகிறவரை தங்க வையுங்கள். அவன் கை நல்ல கை.

*ஆளே மறிக்காத ஃப்ரீ த்ரோவைக் கூடப் போடத் தெரியாதவர்களுக்கு எதற்கு ஷூவும் டிரஸ்ஸும்?*
– செவ்வாய்ப்பேட்டை வியாபாரி

கோபம் புரிகிறது. போன ஆட்டத்தில் 17 ஃப்ரீ த்ரோ கிடைத்து 7 போட்டார்கள், நாலு புள்ளியில் தோற்றார்கள். வியாபாரி உங்களுக்குக் கணக்கு நான் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒன்று கேளுங்கள். இவர்கள் பழகுவது சிமென்ட் தரையில், ரப்பர் பந்தில். சிமென்ட்டில் தட்டித் தட்டிப் பந்தின் மேல் இருக்கும் புள்ளி புள்ளியெல்லாம் தேய்ந்து, பழைய டயர் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. நானே வாங்கி உருட்டிப் பார்த்தேன், விரல் பிடிக்கவே இல்லை. போட்டியில் கொடுப்பதோ தோல் மாதிரி ஒட்டும் பந்து. வழுக்கும் பந்துக்குப் பழகின விரல் அதை அரை நொடி தாமதமாக விடுகிறது. பந்து ரிங்கின் முன்பக்கத்தில் இடித்துத் திரும்புகிறது. தவறின பத்தில் ஆறு அப்படித்தான், குறித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் போட்டிப் பந்து மூன்று வாங்கிக் கொடுங்கள். 7-ஆம் சைஸ் என்று கேட்டு வாங்குங்கள், 6 பெண்களுக்கானது. பயிற்சி ஆரம்பத்தில் தெம்பாக நின்று ஃப்ரீ த்ரோ போடுவதை விட்டு, ஓடிக் களைத்த பிறகு போடச் சொல்ல வேண்டியது கோச்சின் பாடு.

*முன்பெல்லாம் பனியன் நம்பர் 4-இல் தொடங்கி 15-இல் முடியும். ஏன்?*
– கன்னங்குறிச்சி மாணவி

நடுவர் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று காட்டினால் அது புள்ளிக்கும் ஃப்ரீ த்ரோவுக்கும். குழப்பம் வேண்டாம் என்று அந்த எண்களை விட்டுவிட்டார்கள். 2014-இல் விதி மாறியது. இப்போது 0, 00, அப்புறம் 1 முதல் 99 வரை எதுவும் போடலாம். பழைய கை எனக்கு 4-இல் இருந்து எழுதினால்தான் நிம்மதி.

*கிரிக்கெட்டில் சின்னப்பம்பட்டி நடராஜன் மாதிரி இந்த அணியிலிருந்தும் ஒருவன் இந்தியாவுக்கு ஆடுவானா?*
– ஓமலூர் வாசகர்

நடராஜன் 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம் ஆடும்போது வயது 29. நம் பையன்களுக்கு 18. இன்னும் ஒழுங்காக மீசை முளைக்கவில்லை, விடுங்கள்.

*சரி, வளவளவென்று வேண்டாம். பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எதுவரை போவார்கள்?*
– ஐந்து ரோடு, நாலு நண்பர்கள்

அரையிறுதி. கோப்பை இந்த வருடம் இல்லை. பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு 11-ஐயும் 7-ஐயும் கூப்பிடுவார்கள், 11 உள்ளே போவான், 7 அடுத்த வருடம். இது தீபாவளிக்கு அப்புறம் மாறலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலம் சிமென்ட் கோர்ட்டில் தண்ணீர் நிற்கும், பயிற்சி போகும். கூரை போட்ட கோர்ட் இருக்கும் கல்லூரிகள் அந்த மூன்று வாரத்தில் நம்மைத் தாண்டிவிடும். மழை தள்ளிப் போனால் இறுதி ஆட்டம் என்று திருத்திக்கொள்கிறேன். நாலு பேரும் பந்தயம் எதுவும் கட்டியிருந்தால் என்னை இழுக்காதீர்கள்.

*ஸ்டேடியத்தில் உங்களைப் பார்த்தேன். நம் அணி புள்ளி எடுத்தாலும் கைதட்டாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே?*
– நாலு ரோடு வாசகர்

டேபிளில் உட்காருகிறவர் யார் பக்கமும் சாயக் கூடாது. 26 வருடம் கையைக் கட்டி வைத்த பழக்கம், போக மாட்டேன் என்கிறது. போன சனிக்கிழமை மட்டும் தவறிவிட்டது. 7-ஆம் நம்பர் தலையை நிமிர்த்தி, ஒரே கையால் மூலைக்குப் பந்தை வீசினான். என் கை தானாக எழுந்ததில் பேனா பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. குனிந்து தேடி எடுத்து நிமிர்வதற்குள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கேட்டேன், "விழுந்திச்சா?" "மூணு பாயிண்டுங்க" என்றார். அவர் சொன்னதை நம்பித்தான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.