இதில் மெஷின் எங்கே? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அல்சூரில் பிறந்து வளர்ந்தவன், பெங்களூரிலேயே ஐ.டி. வேலை. கொஞ்ச காலமாக நானும் இரண்டு நண்பர்களும் இரவில் ஒளி ஓவியப் படங்கள் (இருட்டில் கேமரா ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து விளக்கால் வரைவது) எடுத்துவருகிறோம். பிக்காஸோ சின்ன விளக்கால் காற்றில் வரையும் அந்தப் புகழ்பெற்ற படத்தைப் பார்த்துப் பிடித்த பித்து இது. பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலைக் கூடத்தில், ஸ்டீல் ஊலை (பஞ்சு போன்ற மெல்லிய இரும்பு நார்) பற்றவைத்துச் சுழற்றி எடுத்த படங்களுக்கு இன்ஸ்டாகிராமில் நல்ல வரவேற்பு.

என் அப்பா அதே தொழிற்சாலையில் காயில் வைண்டராக, அதாவது கம்பிச் சுருள் சுற்றுபவராக இருந்தவர். அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாம் மத்தாப்பா இருக்கு. இதுல மெஷின் எங்கப்பா?" என்று கேட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குக் கலை புரியவில்லை என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்து கோலார் தங்கவயலுக்குப் போவதாக இருக்கிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அனுமதி வாங்காமல் நுழைந்தோம் என்பதால் பெயர் வேண்டாம்.

– ஒரு வாசகர், அல்சூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் படங்களுக்கு வந்த விமர்சனங்களில் உங்கள் அப்பாவுடையதுதான் சரியானது. ஒளி ஓவியத்தின் அடிப்படைக் கேள்வியையே அவர் கேட்டிருக்கிறார்.

விளக்கை லென்ஸைப் பார்க்கத் திருப்பி அசைத்தால் விளக்கு போன தடம்தான் படம். விளக்கைப் பொருளின் மேல் அடித்தால் பொருள்தான் படம். பிக்காஸோவைப் புகைப்படக்காரர் ஜான் மிலி 1949இல் எடுத்தது முதல் வகை. ஸ்டீல் ஊலும் அதே வகைதான். அதை எங்கே சுழற்றினாலும் ஒரே பொறிக்குடைதான் விரியும். ஏதோ ஒரு மேம்பாலத்தின் அடியிலேயே அந்தப் படம் கிடைத்துவிடும். உங்கள் அப்பா ஆயுளில் பாதியைக் கழித்த கூடம் அதற்குத் தேவையே இல்லை.

இரண்டாவது வகைக்கு வாருங்கள். அதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் இடம் பேச ஆரம்பிக்கும். கேமராவை முக்காலியில் வைத்து பல்ப் மோடில் (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) ஷட்டரைத் திறந்துவிட்டு, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8 என்று தொடங்குங்கள். டார்ச்சின் வாயில் கறுப்புத் தாளைக் குழலாகச் சுற்றினால் ஒளி சிதறாது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சட்டகத்துக்குள்ளேயே நடக்கலாம். விளக்கின் வாய் மட்டும் கேமராவுக்குத் தெரியக் கூடாது. கேமரா நிற்கும் பக்கத்திலிருந்து அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து, தரையோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். துரு, உளித்தடம், பெயின்ட் உரிந்த செதில், கைபட்டுக் கைபட்டு மழுங்கிய நெம்புகோல், எல்லாம் அந்தச் சாய்வொளியில்தான் எழும்பி வரும்.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். டார்ச்சுக்கும் பொருளுக்கும் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காக வேண்டும். இரண்டு மீட்டரில் உள்ள இயந்திரத்துக்கு 5 விநாடி போதுமென்றால், நான்கு மீட்டரில் உள்ள சுவருக்கு 20 விநாடி. அதாவது எதன் மேல் எவ்வளவு நேரம் நிற்பது என்று ஒவ்வொரு விநாடியும் நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். நான் இந்தக் கலையை மதிப்பது இதற்காகத்தான். பகல் வெளிச்சம் எல்லாவற்றையும் ஒன்றுபோலக் காட்டும். இங்கே நீங்கள் கவனிக்காதது படத்தில் இருக்காது.

ஸ்டீல் ஊலை அந்தக் கூடத்தில் இனி பற்றவைக்காதீர்கள். அது எரியும் இரும்பு. பொறி நெடுந்தூரம் தெறிக்கும். பல ஆண்டு எண்ணெய் குடித்த தரையும் ஜன்னலோரக் காய்ந்த புல்லும் பற்றிக்கொள்ள ஒன்று போதும். பழைய கூரைகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருக்கும். உடைந்து கிடப்பதை மிதித்தால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. அனுமதி கேளுங்கள். மறுத்துவிட்டால் போகாதீர்கள்.

தங்கவயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவிரியின் சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் போனது அங்கேதான். பெங்களூர் நகரத்துக்கு 1905இல்தான் வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது, ஊர் மூடப்படவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே குடியிருக்கிறார்கள். பலர் விடியுமுன் அங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறி நம் ஊருக்கு வேலைக்கு வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். அவர்கள் தூங்கும் நேரத்தில் வெளியூர்க்காரர்கள் டார்ச்சோடு சுற்றுவது முறையல்ல. மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கும் சுரங்க வாய்களும் சயனைடு கழிவு மண்மேடுகளும் இரவில் விளையாடும் இடமல்ல. பகலில் போய் மனிதர்களோடு பேசிவிட்டு வாருங்கள்.

இனி உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். காற்றில் ஒளித்தடம் பதிக்கும் உத்தி ஓவியர்களிடம் பிறந்ததல்ல. 1889இல் பிரான்சில் உடலசைவுகளை ஆராய்ந்த ழார்ஜ் டெமனி, ஒருவரின் மூட்டுகளில் சிறு மின்விளக்குகளைக் கட்டி நடையைப் பதிவு செய்தார். பிறகு 1914 வாக்கில் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிலாளர்களின் விரல்களில் விளக்கைக் கட்டி, வேலை செய்யும்போது கை போகும் பாதையை நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தார்கள். வீண் அசைவைக் கண்டுபிடித்து வெட்டுவதற்காக. ஃபிராங்க் கொத்தனாராகத் தொடங்கியவர்; ஒரு செங்கல் வைக்கத் தேவையான 18 அசைவுகளை ஐந்துக்கும் கீழே கொண்டுவந்தார். ஆக, நீங்கள் தொழிற்சாலைக்குள் எடுத்துப்போன கலை ஒரு காலத்தில் தொழிலாளியின் கையை அளந்த கருவி.

அதை உங்கள் வீட்டிலேயே திருப்பிப் பயன்படுத்துங்கள். ஒரு அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு அப்பாவை உட்கார வையுங்கள். காயில் சுற்றியதை அவர் கை மறந்திருக்காது. ஒரு கை கைப்பிடியைச் சுழற்றும், மற்றது கம்பியை இழுத்துப் பிடித்து வரிசையாக வழிநடத்தும். இரண்டு கைகளிலும் ஒவ்வொரு விரலில் வேறு வேறு நிறத்தில் சின்ன எல்இடி விளக்கு. எஃப் 11, 30 விநாடி. ஒருமுறை சிமிட்டும் விளக்கால் எடுத்துப் பாருங்கள். கில்பிரெத்துகள் செய்தது அதுதான். கோடு புள்ளிகளாக உடையும். புள்ளிகள் நெருங்கும் இடத்தில் கை மெதுவாகப் போயிருக்கிறது என்று பொருள். அங்கே அவர் ஏன் நிதானித்தார் என்று கேளுங்கள். கம்பி அறுந்துவிடும் என்றா, அடுக்கு மாறுகிறது என்றா, அவருக்குத்தான் தெரியும். சொல்வதை அவர் வார்த்தையிலேயே படத்தின் கீழே எழுதுங்கள். அனுமதி கிடைத்தால் அவரையும் பகலில் அந்தக் கூடத்துக்கு அழைத்துப்போய், எந்த மெஷின் எங்கே நின்றது என்று தரையில் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு இரவில் எங்கே எத்தனை விநாடி ஒளி காட்டுவது என்பதை அவரே சொல்லட்டும்.