வீட்டு மாடியிலிருந்து விண்மீன்களின் நிறமாலையை எடுக்க முடியுமா? சூப்பர்நோவாவை?

கேள்வி கேட்டவர் தம்மிடம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருப்பதாகச் சொல்லி, அதைக்கொண்டு விண்மீன்களின் நிறமாலையை, அதாவது அவற்றின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, எடுக்க முடியுமா, வெடித்துச் சிதறும் விண்மீனான சூப்பர்நோவா போன்ற மங்கலான பொருளுக்கும் அது எட்டுமா, எட்டினாலும் யாருக்காவது பயன்படுமா என்று கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் என் பதில் ‘ஆம்’ என்பதே. நானும் ஆறு அங்குலக் கருவியோடுதான் ஐந்து ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். கருவியைப் பூட்டி ஒரு வண்ணப் பட்டையைப் படம்பிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். அந்தப் பட்டையில் தெரியும் மேடும் பள்ளமும் விண்மீனுக்குச் சொந்தமானவைதாமா என்று உறுதிசெய்யக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு ஆண்டுகள் பிடித்தன.

நான் இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே காந்தளூரில். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கே உள்ள மலைகளே வாங்கிக்கொள்வதால், கேரளத்தின் பிற இடங்களைவிட இங்கே தெளிந்த இரவுகள் அதிகம். கீழே கரும்பு ஆலைகளில் பாகு காய்ச்சும் நாட்களில் மட்டும் சக்கை எரியும் புகை பள்ளத்தாக்கில் தங்கி, தாழ்வாக நிற்கும் விண்மீன்களைச் சற்றுச் சிவக்கச் செய்துவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

தேவைப்படுபவை குறைவு: வானச் சுழற்சியைப் பின்தொடரும் மோட்டார் தாங்கி, ஒரு கருப்பு வெள்ளை கேமரா, ஒரு மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கீறி, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கிரேட்டிங் என்னும் கண்ணாடி வில்லை. கண்ணருகு வில்லையின் வடிகட்டி மரையிலேயே திருகிக்கொள்ளும் அளவில் இந்த கிரேட்டிங் கிடைக்கிறது. என் கேமராவின் பிக்சல் 3.75 மைக்ரான், அதற்கும் கிரேட்டிங்குக்கும் இடைவெளி 50 மி.மீ. கணக்கிட்டால் ஒரு பிக்சலுக்கு 0.75 நானோமீட்டர் வருகிறது. அதாவது, விண்மீனின் நேர்ப்பிம்பத்திலிருந்து (நிறம் பிரியாமல் நேராக விழும் புள்ளியிலிருந்து) ஏறத்தாழ 875 பிக்சல் தள்ளி, 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு விழும்.

ஆய்வகக் கருவிகளில் இருப்பது போன்ற பிளவு, அதாவது ஒளியை மெல்லிய கீற்றாக மட்டும் உள்ளே விடும் இடுக்கு, இதில் இல்லையே, கோடுகள் எப்படித் தெரியும் என்று பலரும் கேட்பார்கள். அம்மாவுக்கு நான் விளக்கிய முறையையே இங்கும் சொல்கிறேன். முதலில் விறகடுப்பின் நெருப்பை கிரேட்டிங் வழியாகப் பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டில் அது வானவில்லாக இழுபட்டு உருவமின்றிக் கலைந்தது. பிறகு கேஸ் அடுப்பைப் பற்றவைத்து நீலச் சுவாலையில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினேன். “என்னப்பா, பக்கத்துல இன்னொரு அடுப்பு மஞ்சளா எரியுது!” என்றார். உப்பில் உள்ள சோடியம் 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளை மட்டுமே வலுவாக உமிழ்வதால், சுவாலை தன் வடிவம் குலையாமல் அந்த ஓர் இடத்தில் போய் நிற்கிறது. விண்மீனோ முன்பே ஒரு புள்ளி. ஒவ்வோர் அலைநீளத்திலும் அந்தப் புள்ளியின் ஒரு நகல் வரிசையாக விழுகிறது. எந்த நிறம் குறைகிறதோ அங்கே பட்டையில் இருள் விழுகிறது. பிளவு செய்ய வேண்டிய வேலையை விண்மீனின் நுண்மையே செய்துவிடுகிறது.

சூப்பர்நோவா இந்த எளிய கருவிக்கு ஏற்ற பொருள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சாதாரண விண்மீன் ஒன்று வினாடிக்குச் சில பத்து கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்தால், அதன் கோடு 0.1 நானோமீட்டர் அளவுக்குத்தான் நகரும். என் கருவியால் அதை அளக்கவே இயலாது. சூப்பர்நோவாவிலோ வாயு வினாடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அளவில் பாய்கிறது. அது அலைநீளத்தில் மூன்று விழுக்காட்டுக்கும் மேல், அதாவது 20 நானோமீட்டர் அளவு, என் படத்தில் ஏறக்குறைய 28 பிக்சல். ‘ஒன்று ஏ’ வகையில் ஹைட்ரஜன் கோடுகள் காணப்படுவதில்லை, 635.5 நானோமீட்டரில் இருக்க வேண்டிய சிலிக்கான் உட்கவர் கோடு (ஒளியை அந்தத் தனிமம் உறிஞ்சிக்கொள்வதால் விழும் இருள்கோடு) நீலப் பக்கம் நகர்ந்து 615ஐ ஒட்டி அகன்ற பள்ளமாகத் தெரியும். ‘இரண்டு’ வகையில் ஹைட்ரஜன் உண்டு. ஆகவே வகையைச் சொல்லவும், வெடித்த வேகத்தைத் தோராயமாகக் கணிக்கவும் இந்தச் சிறு கண்ணாடி போதும். தடையாக இருப்பது மங்கல் ஒன்றே. போதிய பிரகாசமுள்ள சூப்பர்நோவா சில ஆண்டுகளுக்கு ஒன்றுதான் வாய்க்கும்.

எனக்கு வாய்த்தது 2023 மே 19 அன்று ஜப்பானிய ஆர்வலர் கோயிச்சி இட்டகாக்கி, சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள எம் 101 விண்மீன் மண்டலத்தில் கண்டுபிடித்த எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப். அது இரண்டாம் வகை. வெடிக்கும் முன் அந்த விண்மீன் உதறியிருந்த வாயு அதைச் சூழ்ந்திருந்ததால், முதல் சில நாட்களின் நிறமாலைகளில் ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன், நைட்ரஜன் ஆகியவற்றின் கூர்மையான உமிழ்வுக் கோடுகள் தெரிந்து பின்னர் மறைந்தன. மே 22 இரவு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அடுக்கிச் சேர்த்தபோது, நீலத்தில் உயர்ந்த வளைவின் மேல், 580 நானோமீட்டர் அருகே ஒரு கூரான முனை நின்றது. கார்பன் கோடு இருக்க வேண்டிய இடம் அது. நோட்டுப் புத்தகத்தில் ‘கார்பன்’ என்று எழுதிவிட்டே படுக்கப் போனேன். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் மேகம். மூன்றாம் நாள் கேமராவையும் கிரேட்டிங்கையும் சேர்த்து 20 பாகை திருப்பி, பட்டை வேறு திசையில் விழும்படி எடுத்தேன், முனை காணவில்லை. அந்தக் கோடு இயல்பாகவே மங்கும் காலம் அது என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவும் முடியவில்லை. பிறகு கிரேட்டிங்கைக் கழற்றி, பழைய நிலைக்கே திருப்பி வைத்து எடுத்த படத்தில் தேடினேன். சூப்பர்நோவாவிலிருந்து 770 பிக்சல் தள்ளி, பட்டை விழுந்த அதே திசையில், ஒரு மங்கிய விண்மீன் உட்கார்ந்திருந்தது. அதன் நேர்ப்பிம்பம் என் பட்டையின் மேல் விழுந்து கோடு போல நின்றிருக்கிறது. ‘கார்பன்’ என்பதை அடித்துவிட்டு அந்தப் படத்தையும் அருகில் ஒட்டிவைத்தேன். பிளவில்லாத கருவியில் இது என்றும் உள்ள ஆபத்து. இப்போது எந்தப் பொருளானாலும் ஒரே இரவில் இரண்டு கோணங்களில் எடுக்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. ஜூனில் மேகம் விலகிய ஓர் இரவில், ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு அகன்ற மேடாக எழுந்திருந்தது. அது இரண்டு கோணங்களிலும் இருந்தது.

அடுத்தது ஒப்பீட்டு விண்மீன். கேமரா எல்லா நிறத்தையும் ஒரே அளவில் உணர்வதில்லை. காற்றும் ஆலைப் புகையும் நீலத்தைத் தின்றுவிடுகின்றன. ஆகவே இலக்குக்கு அருகில், ஏறத்தாழ அதே உயரத்தில் நிற்கும், வகை தெரிந்த விண்மீன் ஒன்றை அதே இரவில் எடுத்து, அதன் வளைவை அவ்வகை விண்மீனுக்கென முன்பே அளந்து வைத்த தர வளைவோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தால் திருத்த வேண்டும். எம் 101க்குப் பக்கத்தில் சப்தரிஷி மண்டலத்தின் வசிஷ்டர் இருக்கிறாரே என்று முதலில் அவரை எடுத்தேன். அருந்ததியால் தொல்லை இல்லை, அது விலகி நிற்கிறது; ஆனால் வசிஷ்டரே 14 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டு விண்மீன்கள் என்பதால் இரு பட்டைகள் ஒட்டிக்கொண்டன. வால் நுனியில் உள்ள மரீசிக்கு மாறிய பின்னரே வளைவு சரியாயிற்று. 760 நானோமீட்டரில் ஆழமாக விழும் பள்ளத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அது நம் காற்றின் ஆக்சிஜன். அலைநீள அளவைச் சரிபார்க்க அதுவே நல்ல துணையும்கூட.

பயன் பற்றி: எங்கள் ஊருக்குக் கிழக்கே மலையைத் தாண்டினால் கொடைக்கானல். அங்கே 1909இல் சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் நகர்வதைக் கண்டு, வாயு புள்ளியிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்று நிறுவிய ஜான் எவர்ஷெட், 1907இல் அங்கு வரும் முன் இங்கிலாந்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் கருவிகளால் சூரியனை ஆராய்ந்தவர். 2000ஆம் ஆண்டு அனுஷத்தின் நடு விண்மீன் பொலிவு கூடியதைக் கவனித்தவர் செபாஸ்தியான் ஒட்டேரோ என்ற அர்ஜென்டின ஆர்வலர். அதைச் சுற்றி வாயுத் தட்டு உருவானதை ஹைட்ரஜன் உமிழ்வுக் கோடு காட்டியது. இவ்வகை விண்மீன்களுக்காகப் பாரிஸ் வான் ஆய்வகம் பேணும் தரவுத்தளத்தில் ஆர்வலர்களின் நிறமாலைகளும் தொழில்முறையாளர்களுடையவற்றோடு சேர்ந்தே இருக்கின்றன. அந்தத் தரத்துக்குப் பிளவுள்ள கருவி வேண்டும். அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி, தை இரவுகளில் தொடங்குங்கள். சிரியஸில் ஹைட்ரஜன் கோடுகள் கத்தியால் கீறியது போல வரிசையாகத் தெரியும். அடுத்துத் திருவாதிரைக்குத் திருப்புங்கள்; டைட்டானியம் ஆக்சைடு அதன் பட்டையைப் படிப்படியாக வெட்டியிருக்கும். இரண்டையும் 20 பாகை திருப்பி மறுபடியும் எடுங்கள்.